சட்டாம்பிள்ளையின் கையில் கேமரா

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஓர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலுக்குப் பின், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அம்முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளிலோ அத்தகைய பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். (அவர் கையில் பிரம்பும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.)

மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து வகுப்பறையிலேயே விளக்கக் காணொளி தயாரிப்பதை அந்த மரபின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். அதன் முதற்பயன் பார்ப்பவரைவிடத் தயாரிப்பவருக்கே என்பது என் அனுபவம்.

ஆறாம் வகுப்பில், கோணமானியால் கோணத்தை அளப்பது பற்றி இரண்டு நிமிடக் காணொளி எடுக்கும்படி நால்வரிடம் சொன்னேன். ‘கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே விடை’ என்று ஒரு மாணவி எழுதி வந்தாள். படம் பிடிக்கும்போது, கணக்கென்றாலே ஒதுங்கும் பையன் ஒருவன், “இங்கே 40-உம் இருக்கிறது, 140-உம் இருக்கிறது, எதைச் சொல்வது?” என்று கேட்டான். மற்ற மூவரும் வாயடைத்து நின்றார்கள். இரண்டு அளவுகள் எதிரெதிர்த் திசையில் ஓடுவதை அதுவரை அவர்கள் பார்த்தும் பாராமலே இருந்திருக்கிறார்கள். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பின்பே, கோணத்தின் ஒரு கதிர் எந்தச் சுழியத்தின் மீது படிகிறதோ அந்தச் சுழியத்திலிருந்து எண்ணிச் செல்ல வேண்டும் என்ற வாக்கியம் அவர்களிடம் பிறந்தது. நான் சொல்லியிருந்தால் அது ஐந்து விநாடியில் முடிந்திருக்கும். மறுநாளே மறந்தும் போயிருக்கும்.

2013-இல் ஃபியோரெல்லா, மேயர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு டாப்ளர் விளைவு (ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஒலி மாறிக் கேட்பது) பற்றிய பாடத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். தேர்வுக்கென்று படித்தவர்களைவிட, கற்பிக்கத் தயாராகி, காணொளிக்காக விளக்கியும் காட்டியவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் மேலாகச் செய்தார்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு கைபேசி, அதைத் தாங்கப் புத்தக அடுக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையைப் பொறுத்துக்கொள்ளும் மனம், இவை போதும். முகங்களைத் தவிர்த்துக் கைகளை மட்டும் படம் பிடித்தால் பெற்றோருக்கும் கவலையில்லை. பாடநூல் வாக்கியத்தை அப்படியே வாசிப்பதற்கு மட்டும் இடம் தராதீர்கள். எழுதுபவர், பேசுபவர், படம் பிடிப்பவர் என்ற பொறுப்புகளும் முறை வைத்து மாற வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகப் பேசும் பிள்ளையே என்றும் பேசும். ஆண்டு விழாவில் திரையிடும் ஆசையில் நாமே திருத்தி மெருகேற்றுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய குறை.

கோணமானிக் காணொளியை அடுத்த ஆண்டு வகுப்பில் போட்டுக் காட்டினேன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, கோணமானியின் நடுப்புள்ளியை எங்கே வைப்பது என்று அதில் சொல்லவேயில்லையே என்றாள். மறுவாரம் அவள் குழு அதைப் புதிதாகப் படம் பிடித்தது.