பசித்த பட்டாளமும் பிஸ்கட் பாதையும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு மலைநகரம் முற்றுகையில் சிக்கியதையும், அதற்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்த வழியையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மலையகத்தில் இருக்கிற நமக்கு அந்தச் சண்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து ஹட்டன் வீதி மூடிவிட்டால் கடையில் முதலில் எது தீரும்? மா, பால்மா, காஸ். லொறி எப்போது வரும் என்று முதலாளியிடம் கேட்டால் அவர் வானத்தைப் பார்ப்பார். இதெல்லாம் தெரிந்த நமக்குச் சட்டனூகாவின் கதை சட்டென்று புரியும்.

அடிமை முறையை விட மாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்து போனதில் மூண்ட போர் அது. 1863 செப்டம்பர் 19, 20 ஆகிய இரண்டு நாளும் சிக்கமாகா என்ற இடத்தில் நடந்த சண்டையில் வடக்குப் படை தோற்றது. தளபதி ரோஸ்க்ரான்ஸின் ஆட்கள் ஓடிவந்து டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரத்துக்குள் ஒதுங்கினார்கள். கண்டியை மகாவலி சுற்றி வளைப்பது போல, இந்த நகரத்தை ஒட்டி டென்னசி ஆறு வளைந்து வளைந்து போகிறது. சுற்றிலும் மலை. நாலா பக்கத்து ரயில் பாதைகளும் வந்து கூடுகிற சந்தி என்பதால்தான் இரண்டு பக்கமும் அதற்காக அடித்துக்கொண்டன.

துரத்தி வந்த தெற்குத் தளபதி பிராக் நகரத்துக்குள் நுழையவில்லை. கிழக்கே மிஷனரி ரிட்ஜ், தென்மேற்கே லுக்அவுட் மலை, இரண்டின் உச்சியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டார். லுக்அவுட் மலையடியில்தான் ரயில் பாதையும் ஆறும் வண்டி வீதியும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மேலே பீரங்கி வைத்தால் மூன்றும் அடைபட்டுவிடும். அவர் கணக்கு அதுதான்.

வடக்குப் படையின் களஞ்சியம் அலபாமாவில், பிரிட்ஜ்போர்ட்டில் இருந்தது. ரயிலில் 30 மைல்கூட இல்லை. அந்த வழி அடைபட்டதால், ஆற்றின் அக்கரையில் வால்டன் மலைத்தொடரில் ஏறி இறங்கி, ஏறக்குறைய 60 மைல் சுற்றி வர வேண்டியதாயிற்று. அக்டோபர் மழையும் பிடித்துக்கொண்டது. அச்சு வரைக்கும் சேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். வண்டி இழுக்கிற கோவேறு கழுதையும் தின்ன வேண்டும். மலையில் புல் கிடையாது, அதன் தீனியையும் அதே வண்டியில்தான் ஏற்ற வேண்டும். பாதை நீள நீளத் தீனி கூடும், சிப்பாய்க்கான மூட்டை குறையும். மெலிந்த கழுதை மெதுவாக நடக்கும், மெதுவாக நடந்தால் இன்னும் நாளாகும், இன்னும் தீனி வேண்டும். அப்புறம் ஒருநாள் அது வழியிலேயே விழுந்துவிடும். அந்த ஒரு பாதையில் சுமார் 10,000 குதிரைகளும் கழுதைகளும் செத்துப்போனதாகச் சொல்வார்கள். போதாததற்கு அக்டோபர் தொடக்கத்தில் தெற்கின் குதிரைப்படை பாய்ந்து நூற்றுக்கணக்கான வண்டிகளைக் கொளுத்திவிட்டது.

நகரத்துக்குள் முழுச் சாப்பாடு பாதியாகி, பாதி காலாகியது. குதிரைத் தொட்டியில் போட்ட சோளத்தைச் சிப்பாய்கள் எடுத்துத் தின்றுவிடுகிறார்கள் என்று தொட்டிக்குக் காவல் போட வேண்டி வந்தது.

நம் பக்கமும் அதே காலத்தில் இதே பாடுதான். கண்டிக்கு ரயில் 1867இல்தான் வந்தது. அதுவரை கோப்பி இறங்கியதும் அரிசி ஏறியதும் கடுகண்ணாவ வழியாக மாட்டு வண்டியில். அடைமழையில் வண்டி நின்றால் தோட்டத்தில் உலை வைப்பதற்கு என்ன இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, அங்கே வருவோம். அக்டோபரில் ரோஸ்க்ரான்ஸை நீக்கித் தளபதி தாமஸை வைத்தார்கள். அவருக்கு மேலே தளபதி கிராண்ட். பட்டினி கிடந்தாலும் நகரத்தை விட மாட்டோம் என்று தாமஸ் தந்தி அடித்தார். காலில் அடிபட்டிருந்த கிராண்ட் அதே சேற்றுப் பாதையில், செத்த மிருகங்களைக் கடந்து, 23ஆம் தேதி வந்து சேர்ந்தார். அவர் முன்னால் வைக்கப்பட்ட திட்டம் தலைமைப் பொறியாளர் ஸ்மித்துடையது.

திட்டம் இதுதான். லுக்அவுட் மலையின் பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் பிரவுண்ஸ் ஃபெரி என்ற ஒரு துறை. அதைப் பிடித்தால், நீராவிப் படகில் கெல்லீஸ் ஃபெரி வரைக்கும் சாமான் கொண்டுவரலாம். அங்கிருந்து மலையிடுக்கு வழியாக வண்டியில் சில மைல், பிறகு மிதவைப் பாலம், நகரம். வால்டன் மலையில் ஏறவே வேண்டாம்.

27ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு, வடக்குத் தளபதி ஹேசனின் ஆட்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாலத்துக்கான மிதவைகளிலேயே ஏறி ஆற்றோடு மிதந்தார்கள். மூடுபனி. துடுப்புச் சத்தம் கேட்கக்கூடாது. எதிரியின் காவலர் மூட்டிய தீ கரையில் தெரிகிறது. ஒன்பது மைல் அப்படியே போய், விடிவதற்குள் துறையைப் பிடித்துவிட்டார்கள். வந்த மிதவைகளைக் கோத்து அன்று மாலைக்குள் பாலமும் போட்டாயிற்று.

தெற்குப் பக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் பொறுப்பு லாங்ஸ்ட்ரீட். பேர்பெற்ற தளபதிதான், ஆனால் அங்கே அவர் வைத்திருந்தது சொற்ப ஆட்கள். உச்சியில் இருப்பவனுக்குக் கீழே எல்லாம் தெரியும் என்பது பொய். மூடுபனியில் மலை மேல் இருந்தவர்கள் நீங்கள் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. 28ஆம் தேதி இரவு வாஹாச்சி என்ற இடத்தில், பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த வடக்குப் படையை இருட்டில் தாக்கிப் பார்த்தார். அந்தப் போரில் இரவுச் சண்டைகள் அபூர்வம். வடக்குத் தளபதி கியரியின் மகன், பீரங்கிப் படை லெப்டினன்ட், அங்கேயே செத்தார். கழுதைகள் மிரண்டு எதிரிப் பக்கம் பாய, குதிரைப்படை வருகிறதென்று அவர்கள் ஓடியதாக ஒரு கதையும் உண்டு. சிரிக்க நல்ல கதை, அவ்வளவுதான். பாதை என்னவோ வடக்கின் கையிலேயே நின்றது.

ஓரிரு நாளில் பிரிட்ஜ்போர்ட்டிலேயே கட்டிய ஒரு சின்ன நீராவிப் படகு, இரண்டு தட்டையான சரக்குப் படகுகளை இழுத்துக்கொண்டு சுமார் 40,000 பேரின் ஒருநாள் உணவோடு கெல்லீஸ் ஃபெரிக்கு வந்தது. பெரும்பாலும் மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட கல்லுப் பிஸ்கட். சிப்பாய்கள் அந்த வழிக்கே பிஸ்கட் பாதை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நவம்பர் 25இல் அதே சிப்பாய்கள்தான் மிஷனரி ரிட்ஜில் ஏறிப் பிராக்கை விரட்டினார்கள். மறு ஆண்டு அட்லாண்டா மேல் படையெடுத்தபோது சட்டனூகாவே பெரிய களஞ்சியம்.

துறையைப் பிடிக்கும் யோசனை ஸ்மித்துடையதா, நீக்கப்பட்ட ரோஸ்க்ரான்ஸுடையதா என்று போர் முடிந்து பல வருடம் சண்டை பிடித்தார்கள். இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துறையின் மேல் ரோஸ்க்ரான்ஸும் கண் வைத்திருந்தார், ஆனால் மிதவையில் ஆள் ஏற்றி இருட்டில் அனுப்பும் துணிச்சல் ஸ்மித்துடையது. வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி, வணக்கம்.