சங்கிலி பிடித்தவன் பார்த்தது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அட்லாண்டாவுக்கு வடக்கே, தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஒரு புறநகரில் வசிக்கிறேன். என் மகன் உயர்நிலைப் பள்ளியின் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். இங்கே பேண்டு இருக்கும் இடத்தில் ஃபுட்பால் இருக்கும்; காலால் உதைக்கும் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வெள்ளிக்கிழமை இரவு என்றால் எங்கள் வீட்டில் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. மகனை இறக்கிவிடப் போன என்னிடம் மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், "செயின் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது, நிற்க முடியுமா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து நிற்கிறேன்.

சென்ற அக்டோபரில் எங்கள் பள்ளி 3 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஊர்த் தமிழர்கள் இன்னும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். பிறந்தநாள் விருந்தானாலும் கோயில் வாசலானாலும் அதே பேச்சு. களத்தின் ஓரத்தில் நின்றவன் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். வந்திருக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த 10 யார்டைக் காட்டுவதுதான் எங்கள் சங்கிலி. இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கம்புகள், நடுவில் ஒரு கிளிப். பெரும்பாலும் செய்தியாளர் அறைக்கு எதிர்ப்பக்கம்தான் சங்கிலிக்காரர்கள் நிற்க வேண்டும். அது விருந்தினர் அணியின் பக்கம். ஆக, நான் எங்கள் பள்ளிக்காரனாக இருந்தும் ஆட்டம் முழுக்க எதிரணிப் பையன்களோடும் அவர்கள் கோச்சுகளோடும்தான் நிற்கிறேன். கைதட்டக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு நின்றால் காது நன்றாகக் கேட்கிறது.

அன்றைக்குக் கேட்டதைச் சொல்கிறேன். எங்கள் கேலரியில், "ரெஃப்ரி அவங்களுக்கு வேலை பார்க்கிறான்" என்ற கூச்சல் இரண்டாவது குவார்ட்டரிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் என் பக்கத்தில் நின்ற எதிரணி உதவி கோச், "ஊர் விட்டு ஊர் வந்தால் இப்படித்தான், தண்டனைக் கொடியெல்லாம் நம் மேல்தான் விழும்" என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 53 யார்டு அகலமுள்ள ஒரு களம். இரு கரையிலும் ஒரே ஐந்து நடுவர்களைப் பற்றி, ஒரே நேரத்தில், நேர்மாறான இரண்டு நம்பிக்கைகள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. மனதாரவே அப்படிப் பார்த்தார்கள்.

கடைசி நிமிடத்துக்கு வருகிறேன். எங்கள் அணி வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தபோது எதிரணிப் பையன் ஒருவன் தரையில் விழுந்தான். கடிகாரம் நின்றது. எங்கள் வேகமும் நின்றது. "நடிக்கிறான்" என்று கேலரி முழுக்க ஊளை. இன்றைக்கும் எங்கள் ஊரில் பலர் அவர்கள் விளையாட்டு நேர்மை இல்லாதவர்கள் என்பதற்கு இதைத்தான் சாட்சியாகச் சொல்கிறார்கள். அடிபட்டவன் அடுத்த ஒரு வாய்ப்பின்போதாவது வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. அவனைத் தூக்கி வந்து என் காலடியில்தான் கிடத்தினார்கள். ஜார்ஜியாவின் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் ஓடிய பையன். கெண்டைக்கால் சதை முடிச்சுப் போட்டுக் கல்லாக இருந்தது. டிரெய்னர் அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான். பதினாறு வயது இருக்கும். களத்துக்கு அப்பால் பெரியவர்கள் ஊளையிடுவது அவனுக்கும் கேட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது. பணம் வாங்கி ஆடும் ஆட்டத்தில் வேண்டுமானால் நடிப்பைச் சந்தேகியுங்கள். பள்ளிப் பிள்ளை விழுந்தால் முதலில் அவன் எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்க நமக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்து அந்த நான்காவது வாய்ப்பு. ஒரு யார்டு தேவை. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் பந்தோடு குவியலுக்குள் புகுந்தான். மேலே பத்துப் பதினைந்து பேர் விழுந்தார்கள். ஓரத்து நடுவர் உள்ளே ஓடிப்போய், பந்து எதுவரை முன்னேறியது என்று கணித்து, காலால் இடத்தைக் காட்டினார். தலைமை நடுவரான ரெஃப்ரி எங்களை உள்ளே அழைத்தார். சங்கிலியை இழுத்துப் பிடித்தோம். பந்தின் மூக்கு கம்பைத் தொடவில்லை. நான்கு விரல்கடை குறைவு. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

ரெஃப்ரி ஒரு அடி பின்னால் வைத்துவிட்டார் என்பது எங்கள் ஊரின் கட்சி. எனக்குத் தெரியாது. பத்தடி தூரத்தில் நின்ற எனக்கே குவியலுக்குள் பந்து தெரியவில்லை. ஆனால் சங்கிலி பிடித்துப் பிடித்து எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. பந்தை வைக்கும் இடம் கண் மதிப்பு. அதன் மேல் அங்குல சுத்தமாகச் சங்கிலி போட்டு அளக்கிறோம். சங்கிலியின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு, அதன் அடியில் இருப்பதும் அதே அளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இருக்க முடியாது. இந்த ஆட்டத்தின் அடிவாரமே ஒரு மனிதரின் கண்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு நண்பர், நல்ல மனிதர், என் தம்பி போன்றவர், என் தோளைப் பிடித்துக் கேட்டார்: "அண்ணே, செயின் நம்ம கையிலதானே இருந்துச்சு? ஒரு சாண் பின்னால வச்சிருக்கக் கூடாதா?" அதற்கு வழியில்லை. வாய்ப்புத் தொடங்கும்போதே அருகிலுள்ள 5 யார்டு கோட்டின் மேல் வருமாறு சங்கிலியில் கிளிப்பை மாட்டிவிடுவார்கள். அளக்கும்போது நடுவர் அந்தக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு அதே கோட்டில்தான் வைப்பார். அதை அவருக்கு விளக்கினேன். விளக்கிய பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்றல்ல. நடுவர் அநியாயம் செய்தார் என்று அரை மணி நேரம் கத்திய மனிதர், அடுத்த மூச்சில் என்னை அநியாயம் செய்யச் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த விவாதங்களில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். ஒன்று, கண் பிசகுவது. மற்றொன்று, விதியையே தவறாகப் பயன்படுத்துவது. இரண்டாவதற்குப் பரிகாரம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. கோச் டைம் அவுட், அதாவது ஆட்டத்தைச் சிறிது நிறுத்தும் இடைவேளை, கேட்டு ரெஃப்ரியோடு பேசலாம். அடுத்த வாய்ப்புத் தொடங்குவதற்குள் கேட்க வேண்டும். தவறு உண்மையென்றால் திருத்துவார்கள், இல்லையென்றால் டைம் அவுட் போனது போனதுதான். கண் பிசகுக்கு அந்த வழி கிடையாது. வீடியோ பார்த்துத் தீர்ப்பதற்கும் 2019 முதல்தான் மாநிலங்கள் விரும்பினால் அனுமதி, அதுவும் சீசன் முடிந்த பின் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்களுக்கு மட்டும். எங்கள் கேலரியில் ஆளாளுக்குக் கையில் வீடியோ இருந்தது. தீர்ப்புச் சொன்னவரிடம் மட்டும் இல்லை.

விதியே பிசகிய ஆட்டம் ஒன்று உண்டு. 2014 நவம்பர், ஓக்லஹோமா மாநில நாக்அவுட் சுற்று. டக்ளஸ் பள்ளியும் லோகஸ்ட் க்ரோவ் பள்ளியும் மோதின. 64 வினாடிகள் மிச்சமிருக்கும்போது டக்ளஸ் ஒரு டச்டவுன் அடித்து, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்து, முன்னிலைக்குப் போனது. அதே ஓட்டத்தின்போது டக்ளஸ் உதவி கோச் ஒருவர் ஓரமாக ஓடி நடுவர் மேல் இடித்துவிட்டார். அதற்குத் தண்டனை உண்டு. ஆனால் புள்ளிகள் நின்றிருக்க வேண்டும், தண்டனை டச்டவுனுக்குப் பின் வரும் உதையில்தான் கழிந்திருக்க வேண்டும். நடுவர்கள் டச்டவுனையே ரத்து செய்தார்கள். டக்ளஸ் 20-19 என்று தோற்றது. மாநில விளையாட்டுச் சங்கம் தவறை ஒப்புக்கொண்டது, ஆனால் முடிவை மாற்றவில்லை. பள்ளியை நடத்தும் கல்வி மாவட்டம் நீதிமன்றம் போனது. நீதிபதி பெர்னார்ட் ஜோன்ஸ் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட மறுத்தார். ஆட்டங்களை நீதிமன்றத்தில் தீர்த்தால், நீதிபதி அங்கி போட்ட ரெஃப்ரிகளின் காலம் வந்துவிடும் என்று எச்சரித்தார்.

அவர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். டக்ளஸ் பிள்ளைகளுக்கு நடந்தது அநியாயம் என்பதும் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்கிறேன், ஒன்றை இறக்கி வைக்க முடியவில்லை.

கல்லூரி ஆட்டங்களில் இதற்கு வேறொரு முடிவும் இருந்திருக்கிறது. 1940 நவம்பர் 16 அன்று, 18 ஆட்டங்களாகத் தோற்காத கார்னெல், கடைசி வினாடிகளில் டச்டவுன் அடித்து டார்ட்மத்தை 7-3 என்று வென்றது. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தால், நடுவர் எண்ணிக்கை தவறி கார்னெலுக்கு ஐந்தாவது வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நடுவர் தவறை ஒப்புக்கொண்டார். ஆட்டம் முடிந்துவிட்டது, யாரும் எதுவும் செய்ய முடியாது. கார்னெல் தானாக முன்வந்து வெற்றியை விட்டுக்கொடுத்தது. பதிவேட்டில் இன்றும் டார்ட்மத் 3, கார்னெல் 0. அதே ஐந்தாவது வாய்ப்புத் தவறு 1990இல் கொலராடோவுக்கும் மிசூரிக்கும் நடந்தது. 33-31 என்று வென்ற கொலராடோ விட்டுக்கொடுக்கவில்லை. விதிப்படி விட்டுக்கொடுக்க வேண்டிய கடமையும் இல்லை. நீதிமன்றத்தாலும் சங்கத்தாலும் தர முடியாத ஒன்று வென்றவர்கள் கையில் மட்டும் இருந்தது என்பதுதான் 1940இன் செய்தி. எங்கள் அணி இப்படி ஒரு தவறால் ஜெயித்திருந்தால் எங்கள் ஊர் என்ன பேசியிருக்கும் என்று ஒவ்வொரு விருந்திலும் கேட்கிறேன். பதில் வரவில்லை.

பள்ளி விளையாட்டுக்கான தேசியக் கூட்டமைப்பு, 2018-19க்குப் பிறகு சுமார் 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாகச் சொன்னது. ஆள் போதாமல் பல மாநிலங்களில் வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் வியாழனுக்கு மாறுகின்றன. அன்றைய ஐந்து பேரும் ஆட்டம் முடிந்ததும் நெருக்கமாக நடந்து போனார்கள், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். அவர்களில் ஒருவர் பகலில் பள்ளி ஆசிரியர். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம், "கிளிப் சரியாக இருந்தது, நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வரும் கோடையில் நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். "என்னங்க, நீங்களும் போய் ஏச்சு வாங்கணுமா?" என்று மனைவி கேட்டாள். முதல் வருடம் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குத்தான் அனுப்புவார்கள் என்றேன். "அங்கேயும் அப்பா அம்மா உட்கார்ந்திருப்பாங்களே" என்றாள்.

ஆகஸ்டில் என் இடத்தில் சங்கிலி பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் பக்கத்து நேயர்கள் யாராவது வருவதென்றால் வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு விருந்தினர் பக்கம் வந்து நில்லுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள், புழுக்கம் அதிகம். வணக்கம்.