மீதி வந்தால் நல்லது

நேயர்களுக்கு வணக்கம். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு என்றாலே பிள்ளைகளுக்கு முகம் சுருங்கும். அதிலும் மீதி வந்துவிட்டால் போச்சு, எங்கோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று ரப்பரைத் தேடுவார்கள். மீதி வராதா என்று அவர்களே ஏங்குகிற கணக்கு ஒன்று உண்டு: ஓர் எண் பகா எண்தானா, அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தானா என்று பார்ப்பது.

முதலில் புளியங்கொட்டை. 12 கொட்டையைக் கொடுத்துச் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வரிசை, நான்கு வரிசை, எப்படியும் அடுக்கிவிடுவார்கள். இன்னொரு கொட்டை சேர்த்து 13 ஆக்குங்கள். எப்படி வைத்தாலும் இடிக்கும். கடைசியில் ஒரே வரிசையாக நீட்டி வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். பகா எண் என்ற சொல்லை அப்போது சொன்னால் போதும்.

அடுத்தது நோட்டு. 97 பகா எண்ணா? 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களாலும் வகுக்கட்டும். மீதி 1, 1, 2, 6. எதிலும் மீதியில்லாமல் போகவில்லை, ஆகவே பகா எண். ஒரே கேள்வியில் நான்கு வகுத்தல் போட்டாயிற்று, யாரும் முணுமுணுக்கவில்லை.

91-ஐ மட்டும் மறக்காமல் கொடுங்கள். பார்வைக்குப் பகா எண் மாதிரியே இருக்கும். 2, 3, 5 மூன்றிலும் மீதி 1. அவசரக்காரர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஏழால் வகுத்தவர்களுக்குத்தான் ஈவு 13, மீதி பூஜ்யம் என்று பிடிபடும். 51-ம் இதே ரகம். நானே ஒருமுறை கரும்பலகையில் அதைப் பகா எண் பட்டியலில் எழுதிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "சார், 5-ம் 1-ம் கூட்டினா 6 வருது சார்" என்றாள். மூன்றால் வகுபடும் என்று நாசூக்காகச் சொல்கிறாளாம்!

ஏன் ஏழோடு நிறுத்துகிறோம், பதினொன்றால் வகுக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். 77-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11 வகுக்கும், ஆனால் ஈவு 7. அதற்கு முன்பே 7 அதைப் பிடித்திருக்கும். 100-க்குள் எல்லாமே இப்படித்தான் மாட்டும்.

இதை நான் விளக்குவதில்லை. 121 என்று எழுதிவிட்டு ஒதுங்கி நிற்பேன். 2, 3, 5-ல் மீதி 1. ஏழில் மீதி 2. "பகா எண்!" என்று வகுப்பே கத்தும். மூலையில் யாராவது ஒருவன் மட்டும் விரல்விட்டு எண்ணியபடி பதினொன்றாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.