வேகம் கூட்டும்போது திணறும் அவுட்போர்டு மோட்டார்

நேயர்களுக்கு வணக்கம். படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களில், அதிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் பொருத்திய பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில், அடிக்கடி காணப்படும் ஒரு கோளாறைப் பற்றி இன்று பேசுகிறேன். மோட்டார் சிரமமின்றி ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலிங்கிலும், அதாவது மிகக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போதும், சீராக ஓடுகிறது. ஆனால் வேகம் கூட்டும் த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் ஓரிரு விநாடி திணறுகிறது, இருமுகிறது, சில நேரங்களில் நின்றே விடுகிறது. அதே மோட்டார், மெல்ல மெல்லத் திறந்தால் முழு வேகத்தையும் எட்டிவிடுகிறது.

கார்புரேட்டரின் காற்றுப் பாதையை மறித்திருக்கும் த்ராட்டில் தகடு திறந்ததும் காற்று உடனே உள்ளே பாய்கிறது. காற்றைவிடப் பல மடங்கு கனமான பெட்ரோல் அவ்வளவு விரைவாக எழும்பி வருவதில்லை. ஐடிலிங்கில் பெட்ரோலைத் தருவது ஒரு சிறு துளை. அதிக வேகத்தில் தருவது மெயின் ஜெட் என்னும் முதன்மைத் துளை. இவ்விரண்டுக்கும் நடுவே, த்ராட்டில் தகட்டின் விளிம்பையொட்டி ஊசிமுனை அளவில் வரிசையாகச் சில துளைகள் உண்டு. தகடு திறக்கத் திறக்க அவை ஒவ்வொன்றாகப் பெட்ரோலைக் கசியவிட்டு அந்த இடைவெளியை நிரப்புகின்றன. நாள்பட்ட பெட்ரோல் காய்ந்து பிசின்போலப் படியும்போது முதலில் அடைபடுபவை பெரும்பாலும் இந்தத் துளைகள்தாம். ஆகவேதான் ஐடிலிங்கும் முழு வேகமும் நன்றாக இருக்க, நடுப்பகுதி மட்டும் கெட்டுப்போகிறது.

இவ்வளவு தெரிந்தவுடன் பலரும் ஸ்பேனரை எடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குகிறார்கள். அது இரண்டு சோதனைகளுக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து. முதலாவது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தம். எல்லா பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். ஒரு சிலிண்டர் மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் பிஸ்டன் ரிங்கையோ ஹெட் கேஸ்கெட்டையோதான் பார்க்க வேண்டும். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

இரண்டாவது ஸ்பார்க். இடைவெளியை மாற்றக்கூடிய டெஸ்டரில், மின்தேக்கி வகை இக்னிஷன் உள்ள பெரும்பாலான மோட்டார்களில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் இடைவெளியை நீல நிறத் தீப்பொறி பளிச்சென்று தாண்ட வேண்டும். வெளியே எடுத்த பிளக்கில் பொறி தெரிகிறதே என்று திருப்தியடைவது போதாது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால், அந்த மின்னழுத்தத்தைத் தரும் காயில் பலவீனமாக இருந்தால், அது ஐடிலிங்கில் தாக்குப்பிடித்து, இழுவை வரும் நேரத்தில் கைவிட்டுவிடும். இச்சோதனையின்போது பிளக் வயரைக் கையால் பிடிக்கவும் கூடாது, அருகில் பெட்ரோல் ஆவி இருக்கவும் கூடாது.

இவை இரண்டும் சரியாக இருந்தால் குற்றவாளி எரிபொருள் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அதைத் தேடும் இடம் கரையல்ல. பளுவில்லாமல் நியூட்ரலில் முறுக்கிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. மோட்டாருக்குக் கேடுதான் வரும். படகை நீரில் இறக்கி, ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். திணறல் வரும் கணத்தில் பல்பை அழுத்தினால் மோட்டார் உயிர்பெற்று எழுகிறதா? அப்படியானால் எரிபொருள் பம்பு போதிய அளவு தரவில்லை, அல்லது ஹோஸ் இணைப்புகளில் எங்கோ காற்றை இழுக்கிறது. அந்தப் பம்பு, பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க்கேஸ் அறையின் அழுத்தத் துடிப்பால் இயங்குவது. அதன் டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளையோ விறைப்போ கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாறாக, பல்ப் தானாகவே சப்பிப்போய் ஒட்டிக்கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருக்கலாம், உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கலாம், எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய ஹோஸின் உட்புறம் உரிந்து குழாயை மறித்திருக்கலாம். வெளியே புதிதுபோல் தோன்றும் ஹோஸ் உள்ளே இப்படிக் கெட்டிருப்பது அரிதல்ல.

பல்பை அழுத்தியும் மாற்றமில்லையென்றால், திணறும் நேரத்தில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை ஒரு கணம் இழுத்து விட வேண்டும். மோட்டார் தெளிந்து எழுந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. இப்போதுதான் கார்புரேட்டரைக் கழற்றும் நேரம். புகை கக்கி மேலும் அமுங்கினால் பெட்ரோல் மிகுதி; கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவையின் ஊசி கசிவது, மிதவை உயரம் தவறியிருப்பது, சோக் முழுவதும் திறக்காமல் சிக்கியிருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும்போது, அந்த நுண்துளைகளுக்கு மேலே பொருத்தியிருக்கும் சிறு மூடியையோ தகட்டையோ அகற்றாமல் மேலோட்டமாக ஸ்ப்ரே அடிப்பது வீண் வேலை. கிளீனர் ஒவ்வொரு துளை வழியாகவும் மெல்லிய தாரையாகப் பீய்ச்சி வெளியேறுவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். கம்பியால் குத்தினால் துளை அகன்று, பிறகு எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாத நிலை வரும்.

அதிகம் பேர் தவறவிடும் வேலை இதற்கு அடுத்தது. மோட்டாரின் உச்சியில் சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்துக்குக் கீழே, தீப்பொறி சற்று முன்கூட்டியே விழும்படி செய்யும் ஒரு தட்டு பல மோட்டார்களில் சுழல்கிறது. த்ராட்டில் கைப்பிடி முதலில் அதை நகர்த்தி, அதன் பின்னரே கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரைத் திறக்கும் உருளையைத் தள்ளும் வளைந்த துண்டான த்ராட்டில் கேமில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். உருளையின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு நேரே வரும்போதுதான் த்ராட்டில் தகடு திறக்கத் தொடங்க வேண்டும் என்பது பல மாடல்களின் விதி. தட்டின் கிரீஸ் காய்ந்து இறுகினாலோ, கழற்றி மாட்டும்போது இணைப்புக் கம்பி சற்று இடம் மாறினாலோ, பொறி முந்தாமலேயே காற்று நுழைந்துவிடும். அப்போது சுத்தமான கார்புரேட்டரும் திணறத்தான் செய்யும். ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர்கள் உள்ள மோட்டாரில் எல்லாத் தகடுகளும் ஒரே கணத்தில் திறக்கவும் வேண்டும்.

கலவையை உள்ளே மட்டும் விட்டு, திரும்ப விடாமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ் விளிம்பு உடைந்திருந்தால் கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் பின்னோக்கித் தெறிக்கும். குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் மோட்டார் சூடேறாமல் பிளக்குகள் ஈரமாகிக் கறுக்கும். இவை குறைவாகவே நேர்பவை.

எல்லாம் முடிந்தபின் கலவைத் திருகு. அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதா, காற்றைக் கட்டுப்படுத்துவதா என்று சர்வீஸ் புத்தகத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் திருப்பும் திசை நேர்மாறு. பெட்ரோல் திருகாக இருந்தால், மெதுவாக அடிவரை மூடி, புத்தகம் சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்றுவரை, வெளியே எடுத்து, படகை நீரில் ஓட்டியபடியே எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இருமினால் சற்று வெளியே. கனத்துத் தடுமாறினால் சற்று உள்ளே. இடையில் மோட்டார் நன்றாக ஓடும் இடம் கிடைத்ததும், அங்கிருந்து பெட்ரோல் மிகும் பக்கமாக மயிரிழை தள்ளி நிறுத்திவிடுங்கள். பெட்ரோலோடு சேர்ந்தே ஆயிலும் உள்ளே செல்லும் டூ ஸ்ட்ரோக்கில், கலவை மெலிந்தால் பிஸ்டனுக்குக் குளிர்ச்சியும் குறையும், மசகும் குறையும்.