‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

எல்லோருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பில் நான் எழுதிய ஓர் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து தொடங்குகிறேன். ‘என் மாமா ஒரு கம்பெனி நடத்துகிறார்’ என்று எழுத வேண்டும். ‘ரன்ஸ்’ என்று போட்டால் சரியாக இருந்திருக்கும். ஆனால் முந்தின வரியிலும் அந்தச் சொல் வந்துவிட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. இணைச்சொல் அகராதியைப் புரட்டினேன். ‘ஸ்பிரின்ட்’ என்று ஒன்று கண்ணில் பட்டது, பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. ‘மை அங்கிள் ஸ்பிரின்ட்ஸ் எ கம்பெனி.’ அதாவது, மாமா ஒரு கம்பெனியைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் பந்தயத்தில் தலைதெறிக்க ஓடுகிறார். ஆசிரியர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். அந்தக் கேலி ஒரு மாதம் ஓடியது.

பாருங்கள், கேலியும் ‘ஓடியது’ என்றுதான் சொல்கிறேன். அதற்குக் கால் கிடையாது. இன்றைக்குப் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

‘ரன்’ என்பது மூன்றே எழுத்துச் சொல். ஆங்கிலம் படிக்க ஆரம்பித்த முதல் வருடமே வந்துவிடும். அந்த எளிய சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் வந்தன. 2011-இல் அது செய்தியானது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பு வெகுகாலம் முதலிடத்தில் இருந்தது ‘செட்’. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள்கள். இன்னும் பின்னால் போனால், 1755-இல் சாமுவேல் ஜான்சன் போட்ட அகராதியில் ‘டேக்’ என்ற சொல்லுக்கு 134 பொருள்கள். மூன்றும் சின்னச் சொற்கள், மூன்றும் குழந்தைக்கும் தெரிந்தவை. பெரிய சொற்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ‘போட்டோசிந்தசிஸ்’ என்றால் ஒளிச்சேர்க்கை. அவ்வளவுதான்.

சரி, 645 பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அந்த ஊரில் பிறந்தவர்களே செய்ததில்லை. அவர்களுக்கு உள்ளே ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தில் கால்கள் முக்கியமில்லை, நிற்காமல் போய்க்கொண்டிருப்பதுதான் முக்கியம். பழைய ஆங்கிலத்திலேயே ஆள் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் இதே சொல்தான். ஜெர்மன் மொழியில் இதன் பங்காளிச் சொற்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன: ‘ரென்னன்’ என்றால் ஓடுவது, ‘ரின்னன்’ என்றால் ஒழுகுவது. ஆங்கிலம் பாகம் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டது. அதனால் குழாயில் நீர் ரன் ஆகிறது, மூக்கு ரன் ஆகிறது, துவைத்தால் துணியின் சாயம் ரன் ஆகிறது, இயந்திரமும் கணினி நிரலும் ரன் ஆகின்றன, நாடகம் மூன்று வருடம் ரன் ஆகிறது. எதற்கும் கால் இல்லை. எல்லாம் நிற்காமல் போகின்றன.

தமிழருக்கு இது புதிதே இல்லை. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. ‘மனசுல என்ன ஓடுது?’ என்று கேட்கிறோம். கண்ணாடியில் விரிசல்கூட ஓடும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. தானாகச் செய்தால் தன்வினை, பிறவற்றைச் செய்ய வைத்தால் பிறவினை. ஆங்கிலத்தில் குதிரை ஓடினாலும் ‘ரன்’, குதிரையை ஓட்டினாலும் ‘ரன்’. அந்த எண்ணிக்கை இப்படிப் பெருகியதற்கு இந்தச் சோம்பேறித்தனமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மாமாவின் கம்பெனிக்கு வருவோம். ஆங்கிலக்காரர் கம்பெனியை ஓட்டுகிறார். நாம் நடத்துகிறோம். நட என்பதன் பிறவினைதானே நடத்து? அவர் ஓட வைப்பதை நாம் நிதானமாக நடக்க வைக்கிறோம்! தமிழில் ஓட்டவும் செய்யலாம், ஆனால் அர்த்தம் மாறிவிடும். ‘தொழில் எப்படி?’ என்றால் ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்பார் ஒருவர். அதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. ‘நடத்துகிறேன்’ என்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு வரும் இணைச்சொல் ‘மேனேஜ்’. அதன் மூலம் இத்தாலியச் சொல், குதிரையைக் கையாண்டு பழக்குவது என்று பொருள். அதற்கும் வேர் லத்தீனில் கை என்பது. ஆக, மேனேஜர் என்பவர் ஒரு காலத்தில் லாயத்தில் நின்றவர். இதை உங்கள் மேனேஜரிடம் சொல்ல வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்பில் செய்த தப்பு என்ன? ‘ரன்’ என்ற சொல்லுக்கு இணைச்சொல் தேடினேன். அப்படி ஒன்று கிடையாது. இணை என்பது பொருளுக்குத்தான். மெதுவாக, உடம்புக்காக ஓடினால் ‘ஜாக்’. கொஞ்ச தூரம் முழு வேகத்தில் என்றால் ‘ஸ்பிரின்ட்’. பயந்து தப்பி ஓடினால் ‘ஃப்ளீ’. மிரண்ட குதிரை மாதிரி திடீரென்று பிய்த்துக்கொண்டு போனால் ‘போல்ட்’. நீர் என்றால் ‘ஃப்ளோ’. இயந்திரம் என்றால் ‘ஆப்பரேட்’. நாடகம் என்றால் ‘லாஸ்ட்’, அதாவது நீடிப்பது. இவற்றில் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் மாமாவின் கதிதான்.

எந்த ‘ரன்’ என்று சந்தேகம் வந்தால் நான் எதிர்ச்சொல்லைத் தேடுவேன். ஓடும் ஆளுக்கு எதிர் நிற்பது. ஓடும் குழாய்க்கு எதிர் அடைப்பது. நடத்தும் கம்பெனிக்கு எதிர் இழுத்து மூடுவது. எதிர்ச்சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சில இடத்தில் எதிர்ச்சொல்லே கிடைக்காது. ‘சாலை ஆற்றோரமாக ரன் ஆகிறது’ என்பதற்கு என்ன எதிர்? ஓடாத சாலை உண்டா?

இந்த இரட்டைச் சிக்கலைத் தொல்காப்பியர் திரிசொல்லை, அதாவது படித்தவர்களுக்கே விளங்கும் செய்யுள் சொல்லை, பற்றிய ஒரே சூத்திரத்தில் சொல்லிவிட்டார்: ஒரு பொருள் குறித்த வேறு சொல், வேறு பொருள் குறித்த ஒரு சொல். நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூல்களை எழுதியவர்களும் பெரும்பாலும் அகர வரிசையை முதன்மையாகக் கொள்ளவில்லை. திவாகரம் என்ற நிகண்டு தேவர், மக்கள், விலங்கு என்று பொருள்வாரியாகப் போய், பதினோராவது தொகுதியில் ஒரு சொல்லின் பல பொருளைத் தனியாக வைக்கிறது. 1852-இல் பீட்டர் ரோஜே என்ற மருத்துவர் தம் புகழ்பெற்ற ஆங்கில இணைச்சொல் நூலை வெளியிட்டபோது, அவரும் கருத்துவாரியாகத்தான் அடுக்கினார். கருத்திலிருந்து சொல்லுக்குப் போக வேண்டும். நான் தலைகீழாகப் போனேன்.

அப்புறம், இரண்டு மொழியும் பிரிகிற இடங்கள். ஆங்கிலத்தில் காய்ச்சலை ‘ரன்’ செய்கிறார்கள்; நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது. தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார், ஓடுகிறார். பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’, அதாவது நிற்கிறார். நம்மவரும் நிற்கத்தான் செய்கிறார்.

‘ரன்’னுக்குப் பின்னால் ‘இன்டு’, ‘ஓவர்’ போன்ற சின்னச் சொற்கள் ஒட்டிக்கொள்வது ஒரு தனிக் காடு. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, மோதுவதும் அதுதான். பழைய நண்பரை ‘ரன் இன்டு’ செய்தால் மகிழ்ச்சி, ‘ரன் ஓவர்’ செய்தால், அதாவது அவர் மேல் வண்டியை ஏற்றினால், வழக்கு. ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது.

கிரிக்கெட்டில் வரும் ‘ரன் அவுட்’டும் அதுதானா என்று சற்று முன் முன்வரிசைத் தம்பி ஒருவர் கேட்டார். அங்கே எதுவும் தீர்ந்துபோகவில்லை. அது பிறவினை. ஓடியவர் ஆட்டக்காரர். ஆனால் ஆங்கில இலக்கணப்படி அவர் ‘ரன் அவுட்’ ஆக்கப்படுகிறார், அதாவது எதிரணி அவரை ‘ரன்’ செய்து வெளியேற்றுகிறது. ஓடியவரும் அவர், ஓட்டப்பட்டவரும் அவர். அவ்வளவு ஓடியும் அந்த ஓட்டம் மட்டும் கணக்கில் வராது.