காற்று ஓய்ந்த பிறகு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்படியொரு நாளில் பக்கத்து ஊர்களுக்கு அரிவாளும் மெஷின் வாளுமாக உதவிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு, கிளம்புமுன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

ஊரே இருட்டாக இருந்தாலும் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று எண்ணாதீர்கள். யாராவது வீட்டு ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகியிருந்தால், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போய் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் உயிர் அதில் போய்விடும். மெயினை அணைத்துவிட்டோமே என்பது போதாது, ஒருவர் மறந்தாலே முடிந்தது. லைன் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாத வீட்டில், ஜெனரேட்டரிலிருந்து தனி வயர் இழுத்து விளக்கையும் மோட்டாரையும் நேராக இணையுங்கள். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியேதான் ஓட வேண்டும். அதன் புகை மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

அடுத்தது மரம். வெட்டுமுன் தோட்டக்காரர் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். சேதக் கணக்கெடுப்பில் கேட்பார்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள், முறிந்த கிளை மேலே தொங்கக்கூடும்.

விழுந்த மரத்துக்குள் விசை அடங்கிக் கிடக்கிறது. இரண்டு முனையும் மேட்டில் தாங்கி, நடுப்பகுதி தொங்கினால் மேல்புறம் நெரிந்தும் அடிப்புறம் இழுபட்டும் இருக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பின் கீழிருந்து மேல்நோக்கி முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் இது தலைகீழ்: முதலில் கீழே, பிறகு மேலே. மாற்றிச் செய்தால் வாள் இறுகிச் சிக்கும், அல்லது மரம் நீளவாக்கில் பிளந்து அறுப்பவர் மேல் பாயும். வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். தண்டை அறுத்ததும் பாரம் விலகி, வேர்க்கட்டை சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் திரும்ப உட்காரும். அந்தக் குழிதான் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம்! ஒருவரும் அங்கே நிற்கக் கூடாது.

எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளும் அவசரம்தான் எனக்கு வேதனை. வேர் பாதியாவது மண்ணைப் பிடித்திருக்கும் இளமரத்தைக் காப்பாற்றப் பாருங்கள். கிளைகளைக் கழித்து, வேர் காயுமுன் மெல்ல நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து மண் அணையுங்கள். வெட்டுக்காயத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றின் கலங்கல் நீரை முதலில் இறையுங்கள். ஆனால் சுற்றிலும் மண் ஊறிக்கிடக்கும்போது ஒரேயடியாக வற்ற இறைத்தால் சுவர் உள்ளே சரியலாம். தெளிந்தபின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். இரண்டு மீட்டர் அகலத்தில் மூன்று மீட்டர் தண்ணீர் நிற்கும் வட்டக் கிணற்றுக்குச் சுமார் 24 கிராம் வரும். வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் கிணற்றில் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். அதன்பின் குளோரின் வாடையே இல்லையென்றால் பவுடர் வீரியம் போயிருக்கலாம். புதிய பவுடரால் மறுபடி கலக்குங்கள், அதுவரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம்.