89 வெள்ளிக்கு டார்ரிஸ் ஒரிஜினல்! கவுண்டர்ல விடாம நின்னு வாங்கிட்டேன்

வணக்கம் மக்களே, மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து உங்க அக்கா. இன்னைக்கு சமையல் வீடியோன்னு சொல்லியிருந்தேன், சமையலும் இருக்கு, அடுப்புல ஆட்டுக்கறி வெந்துகிட்டுத்தான் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி இதப் பாருங்க. லேபிள்ல குறுக்கால ஒரு சிவப்புக் கோடு போகுதே, தெரியுதா? டார்ரிஸ் ஒரிஜினல்! டாரன்பர்க் குடும்பத்து ரெட் ஒயின். இத நான் எவ்ளோ நாளா தேடுறேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். புது ஆளுங்களுக்கு ஒன்னு சொல்லிடுறேன். 21 வயசு ஆகலன்னா இந்த வீடியோ உங்களுக்கு இல்ல, கோழி பெரட்டல் வீடியோ நிறைய இருக்கு, அங்க போங்க.

சரி, விலைக் கதைய முதல்ல சொல்லிடுறேன். அத சொல்லாம என்னால அடுத்த விஷயத்துக்குப் போகவே முடியாது.

ஈப்போவுக்குப் போனது அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க. கடைப் பேரு வேணாம். மேல ஒயினுக்குன்னு தனிப் பகுதி, தனிக் கவுண்டர். போய்ப் பாத்தா, கீழ்த் தட்டுல இது நிக்குது. மஞ்சள் அட்டையில 89 வெள்ளி, மாசக் கடைசி வரைக்கும்னு தேதியும் அச்சடிச்சிருக்கு. எனக்குக் கையே நடுங்கிருச்சு. எடுத்துக்கிட்டு கவுண்டருக்குப் போனா, மெஷின்ல 119! அந்தப் பொண்ணு, "அக்கா, சிஸ்டம்ல இதான் வருது, ப்ரோமோஷன் முடிஞ்சிருக்கும்"னு சொல்லுது. நான் சொன்னேன், "தங்கச்சி, உன் மேல ஒன்னும் கோவம் இல்ல. அட்டையில தேதி இருக்கு, சூப்பர்வைசரக் கூப்பிடு." பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, எங்க வீட்டுக்காரரு "விடேன், 30 வெள்ளிதானே"ங்கிறாரு. 30 வெள்ளிதானேவா? வாழையிலைச் சாப்பாடு ரெண்டு பேரு வயிறு நிறைய சாப்பிடலாம் அந்தக் காசுல! அட்டையில போட்ட விலைக்குக் குடுக்கணும், அவ்ளோதான். திரும்பப் போயி அட்டையப் படம் புடிச்சுட்டு வந்து காட்டினேன். சூப்பர்வைசர் வந்தாரு, படத்தப் பாத்தாரு, நேர்ல போயி அட்டையப் பாத்தாரு, யாருக்கோ போன் பண்ணினாரு. நான் அசையல. கடைசியில 89. இதோ ரசீது, கிட்டக் காட்டுறேன், எட்டு, ஒன்பது, நல்லாப் பாத்துக்குங்க!

ஆ, ஒன்னு விட்டுட்டேன். முன்னால இருந்த போத்தல எடுக்கல, பின்னால கையவிட்டு எடுத்தேன். ஏன்னா முன் வரிசைக்கு நேரா கண்ணாடிச் சன்னல், சாயங்கால வெயிலு முழுக்க அது மேலதான். இது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நம்ம ஊரு சூட்டுல ஒயின வெயில்ல நிறுத்தி வச்சா உள்ள இருக்கிற பழ வாசனை செத்துப் போயிரும், வேக வச்ச ஜாம் மாதிரி ஆயிரும். எவ்ளோ நல்ல ஒயினா இருந்தாலும் அப்புறம் காப்பாத்த முடியாது. வாங்கும்போது நிழல்ல இருந்ததா எடுங்க, காருக்குள்ளயும் விட்டுட்டுப் போகாதீங்க.

இப்ப 89 வெள்ளி மலிவான்னு கேப்பீங்க. 40, 50-க்கெல்லாம் இருக்கேன்னு. இங்கதான் கணக்குப் புரியணும். நம்ம நாட்டுல 2016 மார்ச்லேர்ந்து ஒயினுக்குக் கலால் வரிய அதுல இருக்கிற ஆல்கஹால் அளவ வச்சுத்தான் போடுறாங்க. 14 விழுக்காட்டு ஒயின் 45 வெள்ளின்னாலும் 200 வெள்ளின்னாலும், ஒரு போத்தலுக்குக் கலால் வரி ஒன்னுதான். அப்ப மலிவுப் போத்தல்ல நீங்க குடுக்கிற காசுல பெரும் பங்கு வரி, கப்பல் கூலி, கண்ணாடி, கடைக்காரர் லாபம், இதுக்கே போயிருது. உள்ள இருக்கிற ஒயினுக்கு என்னா மிஞ்சும்? கொஞ்சம் மேல ஏறினீங்கன்னா, ஏறின காசுல நல்ல பங்கு ஒயினுக்குப் போகும். அதனாலதான் மாசாமாசம் மட்டமான போத்தல் ரெண்டு வாங்குறதுக்குப் பதிலா ஒன்னு நல்லதா வாங்குங்கன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன்.

சரி, இந்தக் குடும்பம். எனக்கு ரொம்பப் பிடிச்ச குடும்பக் கதை இது. தெற்கு ஆஸ்திரேலியா, அடிலெய்டுக்குத் தெக்க மெக்லாரன் வேல். 1912-ல ஜோசப் ஓஸ்போர்ன்ங்கிறவரு பந்தயக் குதிரைங்கள வித்துட்டு அங்க திராட்சைத் தோட்டம் வாங்குறாரு. மனுஷன் மதுவைத் தொடவே மாட்டாரு! ஒயின் கம்பெனியில இயக்குநரா இருந்தவரு, ஒரு வாய் குடிச்சதில்ல. அவரு மகன் ஃபிராங்க் மருத்துவப் படிப்ப விட்டுட்டு தோட்டத்துக்கு வந்தாரு. ஃபிராங்குக்கு உடம்பு முடியாமப் போனப்ப அவரு மகன் டார்ரி 1943-ல, 16 வயசுல, பள்ளிக்கூடத்த விட்டுட்டு அப்பாவுக்குக் கைகொடுக்க வந்துட்டாரு. நம்ம ஊரு ரப்பர் தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது எப்படிப்பட்ட விஷயம்னு தெரியும். அப்பாவுக்கு முடியலன்னா மூத்த பிள்ளை புத்தகப் பைய வச்சுட்டுப் பால் வாளியத் தூக்கின வீடு எங்க லயத்துலயே எத்தன இருந்துச்சு.

1957-ல ஃபிராங்க் இறந்த பிறகு டார்ரிதான் எல்லாம். 1959-ல சொந்த லேபிள் போட்டாரு. என்னா பேரு வச்சாரு தெரியுமா? தன் அம்மாவோட குடும்பப் பேரு, டாரன்பர்க். அந்தம்மா இவரப் பெத்த கொஞ்ச நாள்லயே இறந்துட்டாங்க. பாத்து வளராத அம்மாவோட பேருதான் இன்னைக்கு ஒவ்வொரு போத்தல்லயும் இருக்கு.

பதக்கத்துக்கு வர்றேன். 1967-ல இவங்க செஞ்ச ரெட் ஒயின் ஒன்னு, அப்ப லேபிள்ல பர்கண்டின்னு போட்டிருந்தாங்க, ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரங்கள்ல நடக்கிற ஒயின் கண்காட்சிகள்ல 7 கோப்பை, 25 தங்கப் பதக்கம் அள்ளிச்சு. அடுத்த வருஷம் கேபர்நே சாவிஞோன்ங்கிற திராட்சையில செஞ்ச ஒயின் 1969-ல ஜிம்மி வாட்சன் கோப்பை வாங்கிச்சு, மெல்பர்ன்ல குடுக்கிறது, அங்க ரொம்பப் பெரிய பேரு. அந்த பர்கண்டியோட நேரடி வாரிசுதான் நம்ம கையில இருக்கிற டார்ரிஸ் ஒரிஜினல்.

ஆனா ஒன்னு கவனிங்க. பதக்கம் வாங்குறது அந்தந்த வருஷத்து ஒயின். 1967-க்குக் கிடைச்ச தங்கம் இந்தப் போத்தலுக்குக் கிடைச்சதா ஆகாது. போத்தல் மேல தங்க வட்டம் ஒட்டியிருந்தா அதுல எந்தக் கண்காட்சி, எந்த வருஷம்னு படிங்க. சில போத்தல்ல தங்க வட்டத்துக்குள்ள "சிறந்த தரம்"னு மட்டும் இருக்கும், யாரு குடுத்தா, எப்பக் குடுத்தா, ஒன்னும் இருக்காது. அது பதக்கம் இல்ல, வெறும் அலங்காரம். இதப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும்.

அடுப்பக் கொஞ்சம் குறைச்சுட்டு வர்றேன், இருங்க.

ம், வந்துட்டேன். இது கலவை ஒயின். கிரெனாஷ், ஷிராஸ், ரெண்டு திராட்சை. கிரெனாஷுக்குத் தோலு மெல்லிசு, நிறம் கம்மி, சர்க்கரை நிறைய, சின்னச் சின்னச் சிவப்புப் பழ வாசனையா இருக்கும். ஷிராஸ்தான் கருப்பு நிறம், துவர்ப்பு, முதுகெலும்பு. ஒன்னுக்கு இல்லாதது இன்னொன்னுக்கிட்ட இருக்கு. "கலப்படமா?"ன்னு போன வீடியோவுல ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு. இல்லண்ணே, வேணும்னே யோசிச்சு சேக்குறது.

செய்ற விதம் இன்னும் அழகு. திறந்த தொட்டியில புளிக்க விடுறாங்க, ஆளுங்க இடுப்பளவு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு உள்ள இறங்கி மிதிக்கிறாங்க. அப்புறம் பழைய கூடை அழுத்தி, மரச் சட்டம் வச்ச கூடை மாதிரி இருக்கும், அதுல மெதுவா புழியுறாங்க. மெதுவாப் புழிஞ்சா கொட்டை நசுங்காது, கசப்பு எறங்காது. டார்ரியோட மகன் செஸ்டர் 1984-ல ஒயின் செய்ற பொறுப்புக்கு வந்தாரு, அவரும் இத விடல. செஸ்டர் சட்டையெல்லாம் கலர்க் கலரா போடுவாரு. தோட்டத்து நடுவுல அஞ்சு மாடியில ஒரு கட்டடம் கட்டி 2017-ல திறந்தாரு, திருகி விளையாடுற ரூபிக் க்யூப் பெட்டி மாதிரியே இருக்கும். எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கல. ஒயின் பிடிக்கும்.

இப்பத் திறக்கிறேன். திருகு மூடிதான், கார்க் இல்ல, அதுனால தரம் கம்மின்னு நினைக்காதீங்க. குளிர்சாதனப் பெட்டியில ஒரு இருபது நிமிஷம் வச்சிருந்தேன். ரெட் ஒயின அறைச் சூட்டுல குடிக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கிறது ஐரோப்பாக்காரன் வீட்டு அறை, 17, 18 டிகிரி. நம்ம ஹால்ல 31. அந்தச் சூட்டுல ஊத்தினா சாராய நெடி மட்டும்தான் மூக்குல ஏறும். அதுக்காக ஐஸ் கட்டி போடாதீங்க! அத எத்தன தடவை சொல்றது.

நிறம் பாருங்க, விளிம்புல மாணிக்கம், நடுவுல கருப்பு. மோந்தா... முதல்ல செர்ரி மாதிரி, பின்னால கருமிளகு. நெசமாவே மிளகு. 2008-ல ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்துக்காரங்க கண்டுபுடிச்சாங்க, ஷிராஸ்ல இருக்கிற அந்த மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன்ங்கிற பொருள், நம்ம அஞ்சறைப் பெட்டி மிளகுலயும் அதேதான் இருக்கு. ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசனை தெரியாதாம். எங்க வீட்டுக்காரரு அந்தக் கூட்டம்தான் போல, "எங்க மிளகு?"ன்னு கிளாஸுக்குள்ள மூக்கையே விட்டுப் பாத்தாரு, தெரியல.

அதனாலதான் இன்னைக்கு ஆட்டுக்கறி மிளகுப் பெரட்டல். மிளகாய் ரொம்பக் கொஞ்சம். மிளகாய்க் காரம் ஏறினா ஒயின்ல இருக்கிற ஆல்கஹால் வாயில எரியும், துவர்ப்பும் கடுமையாத் தெரியும். மிளகு, சோம்பு, கருவேப்பிலை, கடைசியில ஒரு கை சின்ன வெங்காயம். கறியில இருக்கிற கொழுப்பு அந்தத் துவர்ப்ப அடக்கிரும். இதோ ஒரு துண்டு... ஒரு வாய் ஒயின்... ஐயோ, மக்களே! மிளகும் மிளகும் சேருது!

89 கூட முடியாதுன்னு நினைக்கிறவங்களுக்கு, இதே குடும்பத்துல ஸ்டம்ப் ஜம்ப்னு இன்னும் விலை குறைஞ்ச ரெட் இருக்கு. இந்த ரெண்டு திராட்சையோட மூவேத்ருன்னு இன்னொரு திராட்சையும் சேந்தது. அந்தப் பேரு ஒரு ஏரோட பேரு. தெற்கு ஆஸ்திரேலியாவுல 1876-ல வந்த ஏரு, மண்ணுக்குள்ள வேர்க் கட்டை இடிச்சா உடையாம மேல எகிறித் தாண்டி மறுபடி மண்ணுல எறங்கும். கித்தா மரத்த, அதான் ரப்பர் மரத்த, வெட்டிச் செம்பனை போட்டப்ப கட்டை பேக்க எங்க அப்பா பட்ட பாட்டுக்கு இது இங்க இருந்திருக்கணும்.

ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, தோட்டத்துப் பொண்ணு இப்படிக் குடிக்கிறதப் பத்திப் பேசலாமான்னு. அம்மா, சம்சு, அந்த மலிவுச் சாராயம், எத்தன வீட்ட அழிச்சுதுன்னு நான் கண்ணால பாத்தவ. அந்தக் குடிய நான் வெறுக்கிறேன். இது ஒரு கிளாஸ், சோத்தோட, வீட்டு ஆளுங்களோட. மூடியத் திருகி மிச்சத்த குளிர்சாதனப் பெட்டியில வச்சா ரெண்டு மூனு நாளைக்கு நல்லா இருக்கும்.

அடுத்து இவங்களோட ஃபுட்போல்ட் ஷிராஸ் வாங்கணும், தாத்தா ஜோசப்போட பந்தயக் குதிரை பேரு அது. தைப்பிங், கோலக்கங்சார் பக்கம் எங்கயாச்சும் பாத்தா விலையோட எழுதுங்க, அட்டை விலையா, மெஷின் விலையான்னும் போடுங்க. பெரட்டல் செய்முறை நாளைக்கு ஏத்துறேன்.